கீழிருந்து நான்காம் படி

நகராட்சியின் நீலத் தகடு சொல்கிறது:
ஹின்ரிக் ஸ்டோல்டே, தானிய வணிகர், கட்டிய வீடு.
மறுமலர்ச்சிக் காலம். பாதுகாக்கப்பட்டது.
ஆணி அடிக்குமுன் அனுமதி பெறுக என்பது
தகட்டில் இல்லை.
அது எனக்கு மட்டும் கடிதத்தில் வந்தது.

நான் பேருந்து ஓட்டுகிறேன். தடம் நாற்பத்தொன்று,
வேசர் பாலத்திலிருந்து சர்க்கரை ஆலை வரை.
எனக்கும் வங்கிக்கும் பொதுவான இந்த மரச்சட்ட வீடு
தெருப்பக்கம் ஒரு முழம் சாய்ந்திருக்கிறது,
காது மந்தமானவர் பேச்சுக்குக் குனிவதுபோல.
சமையலறையில் பட்டாணி சிந்தினால்
எல்லாம் ஒரே மூலைக்கு உருண்டோடும்.
தேட வேண்டியதில்லை. அது ஒரு வசதி.

முகப்பில் பதினேழு விசிறிப்பூக்கள்,
ஓக் மரத்தில் குடைந்த பாதிச் சூரியன்கள்.
பதினாறில் ஒன்பது இதழ், ஒன்றில் பத்து.
செதுக்கியவன் எண்ண மறந்தானா,
அன்று பீர் அதிகமா,
யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.
பூக்களின் கீழே உத்தரத்தில் எழுத்து ஓடுகிறது:
ஹின்ரிக் ஸ்டோல்டேயும் அவன் மனைவி மார்
அவ்வளவுதான்.
அதற்கப்புறம் கண்ணாடி.
நூறு வருடத்துக்கு முன் கசாப்புக்காரர் ஒருவர்
தொத்திறைச்சி தொங்கவிட ஜன்னல் வைத்தார்.
மிச்ச மனைவி ரம்பத்துக்குப் போனாள்.

பாரம்பரியத் துறை ஃப்ரெரிக்ஸிடம் கேட்டேன்,
ஜன்னலை எடுத்துவிட்டு உத்தரத்தை முழுசாக்கலாமா?
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"ஜன்னலுக்கும் வயதாகிவிட்டது, அம்மையார் லூர்ஸன்.
வெட்டுக்காயமும் ஆவணம்தான்."
கெட்டவர் இல்லை. தேநீர் கொடுத்தால்
கோப்பையின் அடியைத் திருப்பி
எந்த ஊர்ப் பீங்கான் என்று பார்த்த பிறகே குடிப்பார்.

மார்ச்சில் மாடிப்படி ஆடத் தொடங்கியது.
அனுமதி ஜூனில் வந்தது.
ஸ்லாவோமிர் கடப்பாரை வைத்து
கீழிருந்து நான்காவது பலகையை நெம்பினான்.
கனமாக இருக்கிறது, இது பலகை இல்லை என்றான்.
திருப்பிப் போட்டோம்.
சிலந்திக்கூடு, எலிப்புழுக்கை, பிறகு எழுத்து.
தெருவில் கிடந்த எழுத்தெல்லாம் மழையில் மழுங்கியிருக்க
இது மட்டும் நேற்று உளி பட்டதுபோல் கூர்மையாக:
ரேத்தா. இவள் வெள்ளியில் வாங்கிய மரம் இது.
முன்னே ஓரெழுத்தை ரம்பம் தின்றிருந்தது.
மார்க்ரேத்தா.
வாய்விட்டுச் சொன்னேன்.
ஸ்லாவோமிர் தொப்பியைக் கழற்றினான்,
தூசி தட்டத்தான்.

ஃப்ரெரிக்ஸ் மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தார்.
அளந்தார். படமெடுத்தார்.
'வெள்ளி' என்ற சொல்மேல் கட்டைவிரலை
இரண்டு தரம் ஓட்டியதை நான் கவனித்தேன்.
பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு,
"படியாக இருந்தது, படியாகவே இருக்கட்டும்.
முகம் கீழே" என்றார்.
கோப்பில் எழுதினார். நானும் கையெழுத்திட்டேன்.

முதல் வாரம் கடைசிப் பேருந்தை நிறுத்திவிட்டு வந்து
மூன்றிலிருந்து ஐந்துக்குத் தாவினேன்.
இரண்டாம் வாரம் முழங்கால் வீங்கியது.
இப்போது மிதிக்கிறேன்.
மரம் முனகுவதில்லை.
அவள் காசுக்கு நல்ல மரம்தான் கிடைத்திருக்கிறது.

இன்னொரு நாள் சும்மா கேட்பதுபோல் கேட்டேன்,
அந்த நீலத் தகடு, அதுவும் பாதுகாப்பில் சேர்ந்ததா?
ஃப்ரெரிக்ஸ் கோப்பை முன்னும் பின்னும் புரட்டினார்.
"தகட்டைப் பற்றி ஒன்றுமில்லை" என்றார்.
ஜன்னலைப் பார்த்தபடி தேநீரைக் குடித்து முடித்தார்.
அன்று கோப்பையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நான்கு திருகாணிகள். துருப்பிடித்தவை.
திருப்புளி என் சீருடைப் பையில்
சில்லறையோடு உரசிக்கொண்டு ஊர் சுற்றுகிறது.
நேற்றிரவு தெரு காலியாக இருந்தபோது
ஒன்று இளகியது.
மற்ற மூன்றுக்கும் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.